உருண்டை என்று எழுதிய ரிப்போர்ட்

பதினெட்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரி லேபில் குப்பை கொட்டுகிறவள் மூத்தவள். அவளுடைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி, அதே லேபில் வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். "சின்னவங்களுக்குக் கழுகுக் கண்ணு!" வீட்டில் மாமியாரும் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். மூத்தவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று காலை இருபது நாள் குழந்தை ஒன்றின் முதுகுத்தண்டு நீர் வந்தது. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம். எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டர் காத்திருந்தார். சாயம் ஏற்றிப் பார்த்த இளையவள், 'உருண்டைக் கிருமி' என்று ரிப்போர்ட்டில் எழுதி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மூத்தவள் சும்மா இருப்பாளா? ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

அடி சக்கை! கண்ணாடித் தகட்டின் நடுவில், சாயம் தடித்த இடத்தில், ஊதாக் கிருமிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து உருண்டையாகத்தான் தெரிந்தன. ஓரத்துக்கு நகர்த்தியதும் வண்டவாளம் வெளியே வந்தது. அத்தனையும் குட்டைக் குச்சிகள். உருண்டைக்கு ஒரு மருந்து, இந்தக் குச்சிக்கு வேறு மருந்து. ஓரத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறாள் மகராசி!

இப்போதே சொன்னால் திருத்திக்கொண்டு தப்பித்துவிடுவாள். ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போகட்டும். பிறகு எல்லார் முன்னாலும் தகட்டைக் காட்டி அவள் மூக்கை உடைக்கலாம். குழந்தை? அரைமணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு டீ குடிக்கப் போனாள். அன்றைக்கு டீ தேனாக இனித்தது.

திரும்பி வந்தபோது மேஜைமேல் ரிப்போர்ட் இல்லை. போய்விட்டது! தகட்டை எடுக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் போன் அடித்தது. இளையவள் எடுத்தாள்.

"இல்ல டாக்டர், இன்னும் அனுப்பல, எங்கிட்டதான் இருக்கு. உருண்டைன்னு எழுதிட்டேன், ஆனா மனசு ஒப்பல. அக்கா ஒரு தடவ பாத்துச் சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன். அவங்களுக்குத் தெரியாததா?" போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அக்கா, குழந்தைக்கு வலிப்பு வந்திருச்சாம். சீக்கிரம் பாருங்கக்கா!"

மூத்தவள் குனியவே இல்லை. "குச்சிடி. குச்சின்னு சொல்லு."

இளையவள் சொல்லி முடித்துப் போனை வைத்தாள். "பாக்காமலே எப்படிக்கா சொன்னீங்க?"

"நீ கை கழுவப் போனப்பவே பாத்துட்டேன்."

"அப்பவேவா? பாத்துட்டா டீ குடிக்கப் போனீங்க?"

மூத்தவள் இப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.