இருட்டாத ஏரிகள்

ஹபீப் ரகுமான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். 1967 கோடையில், ரஷ்யாவின் வடகோடியில் மரம் ஏற்றப்போன இடத்தில் பெருங்கட்டை ஒன்று உருண்டு விழுந்து அவர் கால் முறிந்தது. அங்கிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது.

கால் கூடி, வேறொரு கப்பலேறிக் காரைக்குடி வந்து சேர்ந்தபோதுதான், மகள் அமீனா காய்ச்சலில் போய்விட்டது அவருக்குத் தெரிந்தது. மனைவி ராபியா அடிக்கச் சொன்ன தந்தி கப்பல் கம்பெனியின் பம்பாய் ஆபீஸோடு நின்றுபோயிருந்தது.

அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. புதுவயலில் அரிசி ஆலை வேலைக்குச் சேர்ந்தார். வடக்கே போன கதையை யாராவது கேட்டால், குளிர் என்பதோடு முடித்துக்கொள்வார். அந்த மௌனம் ராபியாவை அரித்தது. மறு வருஷம், பிள்ளை போன நாளில் அவளுக்காகப் பாத்திஹா ஓதி முடித்த மதியம், கேட்டே விட்டாள்.

"புள்ள மவுத்தான அன்னைக்கு நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?"

அவர் அன்றுதான் முதல்முதலாக ஊன்றுகோலோடு வெளியே நடந்ததாகச் சொன்னார். மரமே இல்லாத பூமி; கப்பலில் ஏற்றிய மரமெல்லாம் தெற்கேயிருந்து ஆற்றில் மிதந்து வந்ததாம். அடியில் மண் பனியாக உறைந்து கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்காதாம். பார்க்கிற பக்கமெல்லாம் ஏரி, ஏரிக்கு நடுவே சதுப்பு. பாசியில் கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கும். நீரெல்லாம் வாத்தும் குஞ்சுமாக இருந்தது.

"சந்தோசமா இருந்தேன் ராபியா. எம் பொறப்புல அப்பிடி இருந்ததில்லை. அதான் சொல்ல வாய் வரலை. இப்பவும் அந்தத் தண்ணிக்கு மனசு ஓடுது."

ராபியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, அங்கே ராத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டாள். அந்த மாதங்களில் சூரியன் மறையாது என்றார்.

"அப்ப அவ ராத்திரியில போன நேரத்துல, நீங்க வெளிச்சத்துலதான் இருந்தீக."

"ஆமா."

"நீங்களும் எங்கயோ இருட்டுக் கடல்ல கெடக்கீகன்னு நெனச்சு நான் அழுதேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இன்னும் சொல்லச் சொன்னாள். அவர் பொழுது சாயும்வரை சொன்னார்.

அந்தக் கார்த்திகையில் சாக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய் நிறைந்தது. நீண்ட வாலுள்ள வாத்துகள் வந்து இறங்கின. அங்கே பார்த்தவையும் இதே சாதிதான் என்று அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். சேலை நனைவது தெரியாமல் அவள் கரையோரம் நின்றாள்.

பங்குனியில் அவை வடக்கே கிளம்பிப் போன பிறகும், சில நாள் அவள் கண்மாய்க்குப் போய் வந்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கூடவே போனார்.