சர்க்கரைதின்னி

ரஷ்யன் போன்ற மொழிகளுக்குத் தாயான ஆதி சிலாவிய மொழியில் கரடிக்கு ‘மெத்வேதி’ என்று பெயர். எந்த ஏட்டிலும் எழுதப்படாத சொல். அதன் மகள் மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டியெழுப்பியது. அதனால்தான் தலையில் ஒரு நட்சத்திரக் குறி.

அகராதி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைப் பிழை பார்த்தது நான். வேற்றுமை ஏழும் சரி. எழுவாயில் கடைசி இகரம் குறில். ‘கரடியின்’ என்று பொருள்படும் வடிவில் நெடில். பொருளில்தான் வம்பு. ‘தேனை அறிவது’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நான் சிவப்பு மையில் அடித்து, ‘தேனைத் தின்பது’ என்று போட்டேன்.

அறைக்குக் கூப்பிட்டார்.

“மெத், வேத். வேத்னா அறிதல். தெரியாதா?”

“அங்க வெட்டக் கூடாது சார். மெது, தேன். ஏத், தின்னுறது. ரெண்டும் சேரும்போது உகரம் வகரமாச்சு. நம்ம திருவடியில வ வர்ற மாதிரிதான். அதைத் திரு, வடின்னு பிரிச்சா வடிகட்டியா சார்?”

தட்டச்சு அக்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

“மூட்டை தூக்குறவன் பொண்ணு எனக்கு இலக்கணம் சொல்றியா?”

“அதனாலதான் சொல்றேன். அப்பா வேலை பார்த்த சர்க்கரைக் கிடங்குல மேஸ்திரி பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா வந்து நிப்பான்னு பயம். மூட்டையில ஓட்டை போட்டு அள்ளித் தின்னுவான், அதனால சர்க்கரைதின்னி. கரடிக்கும் அப்படிப் பயந்து வெச்ச பேருதான்னு சொல்றாங்க. அவன் சர்க்கரையை அறிஞ்சவன் இல்ல சார். தின்னவன்.”

“இந்தப் பக்கம் பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும். நான் எழுதினபடியே கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளைக்கு வராதே.”

பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். “தப்பு உங்களோடது. கையெழுத்தும் உங்களோடதா இருக்கட்டும்.”

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏண்டி, அறிவதா, தின்பதா? எதை டைப் அடிக்க?”

“அவரையே கேளுங்கக்கா.”

“கேட்டேன். பேனா மூடியைத் திறக்குறாரு, மூடுறாரு. போட மாட்டேங்குறாரு.”

“அப்ப தின்பதுன்னு அடிங்க. கையெழுத்துப் போட நான் ஏறி வர்றேன்.”