ஹெஸ்டர் லோவிக் உள்ளபடி எழுதியவை

ஹெஸ்டர் லோவிக் எழுதிய கடற்கரை வரலாறு கடைக்கு வந்த புதன்கிழமை, ஸ்கார்விக் ஊரின் கலங்கரை விளக்கம் காணாமல் போனது. அன்று மீன் வரத்து நன்றாக இருந்தது. விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கோபுரம் நின்ற இடத்தில் புல் வளர்ந்திருந்தது, என்றைக்கும் அங்கே புல்தான் இருந்தது என்பதுபோல. படகுக்காரர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கி, கலங்கரை விளக்கம் வரும் பக்கத்தை விரித்து, அதிலிருந்து வந்த வெளிச்சத்தில் கரை சேர்ந்தார்கள். அவளுடைய அடுத்த நூல் மீனவர்களைப் பற்றியது. அது வெளியான காலையில் டாப்ஸ் என்ற மீனவக் குடும்பத்தார் எல்லோரும் சாப்பாட்டு மேசையிலிருந்தே மறைந்து போய்விட்டார்கள். முட்டை மட்டும் சூடாக இருந்தது. அவளுடைய நாவல்களால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் அது மறைந்து போயிற்று.

ஈரத்துணிபோல ஊரைப் பயம் மூடியது. ஆனாலும் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. ஒருவர் எழுத்தை முகத்துக்கு நேரே குறை சொல்வது அங்கே வழக்கமில்லை, கண்ணுகளா. எதிரே வந்தால் தொப்பியைத் தொட்டு, "மழை வரும்போல இருக்கும்மா" என்பார்கள். எழுதுவதற்காகப் பெயரைக் கேட்டுவிடுவாளோ என்று நடையைக் கூட்டுவார்கள். கிட்டப்பார்வைக்காரியான ஹெஸ்டரோ, கோபுரத்தை மூடுபனி மறைத்திருக்கிறது என்றே நினைத்திருந்தாள்.

அவள் கணவர் கிளெமென்ட், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. அவரும் நாகரிகம் கருதிப் பல வருடம் வாய் திறக்கவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டதாக அவள் ஆசையாகச் சொன்ன அன்றுதான் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு, அது வெளிய வந்தா நான் போயிடுவேன்."

"எங்க கிழவா போவே? தெருமுனைக்கே குடை இல்லாம போகமாட்டே."

"டாப்ஸ் வீட்டுக்காரங்க போன இடத்துக்கு."

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளியே மூடுபனி இல்லை. கோபுரமும் இல்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீ சந்தோஷமா எழுதிட்டிருந்தே."

நூலை நிறுத்த முடியாது, திருத்தம் வேண்டுமானால் செய்யலாம் என்றது பதிப்பகம். அச்சுத்தாள்கள் வந்ததும் ஹெஸ்டர் வரலாற்றை நாவலாக்கினாள். கிளெமென்ட் கேப்டன் பார்னபி ஆனார். வழுக்கைத் தலைக்குச் செம்பட்டை முடியும் தாடியும் வந்தன, ரயில் கப்பலானது. மனைவி வருகிற பக்கங்களை மட்டும் அடித்துவிட்டாள். தன்னையே கதைக்குள் நுழைத்துக்கொள்வது அடக்கமில்லாத காரியம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்.

நூல் வெளியான காலையில் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவர் கை மறையவில்லை. கனத்தது, கயிறு இழுத்த கைபோலக் காய்த்துப்போனது. அவள் கண் திறந்தபோது, செந்தாடிக்காரர் ஒருவர் மெல்லத் தன் விரல்களை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிக்கணும்மா. நமக்குள்ள அறிமுகம் இல்லேன்னு நினைக்கிறேன். இங்க வாடகைக்கு ரூம் கிடைக்குமா?"

"மாடியில இருக்கு. நல்லா காத்து வரும்" என்றாள் ஹெஸ்டர்.

ஊரார் மறுநாளே அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிளெமென்ட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கோடையில் கேப்டன் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் ஹெஸ்டர். கிளெமென்ட் கேட்ட முதல் தடவையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.