அவன் குனிவான், அவள் எம்புவாள்

உதடு வலையைத் தொட, கண்ணை மூடிக்கொண்டு, சவரிராஜ் அந்த மைக்கை விழுங்கிவிடுவது போல நிற்கிறான், அண்ணே கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இது ரெக்கார்டிங் மைக், மூச்சு விட்டாலே புடிச்சிரும் என்கிறார் கடைக்காரர், கேட்டால்தானே, இருபத்திரண்டு வருஷத் திருவிழா மேடைகள் அவனை அப்படிப் பழக்கிவிட்டன, வாணவெடிக்கும் ஜெனரேட்டருக்கும் மேலே பாட்டு எழும்ப வேண்டுமென்றால் மைக்கைக் கடித்துத்தான் பாடியாக வேண்டும், பார்த்துக்கொண்டிருந்த மனைவி பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது, வெள்ளிக்கிழமை அவன் கழுத்துக் கட்டியை எடுக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லம்மா, குரல் நரம்பை ஒட்டியிருக்கு, திரும்பப் பாடுவாரான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, நேற்றுக்கூடக் கனவில் அவன் பாடினான், வாய் அசைந்தது, கூட்டம் கைதட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை, விழித்தபோது பக்கத்தில் அவன் குறட்டை, அதையும் காது நிறையக் கேட்டுக்கொண்டு கிடந்தாள், இத்தனை வருஷத்தில் கூட்ட இரைச்சல் கலக்காத அவன் பாட்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை, பதிவு மைக் வாங்கினால் உன் குரல் முடிந்தது என்று மூஞ்சிக்கு நேரே சொன்னதாகிவிடும், மேடை மைக் வாங்கினால் இருக்கிற குரலையும் காற்றில் விட்டதாகிவிடும், அதனால்தான் திருச்சி பஸ்ஸில், ரெண்டுக்கும் ஆவுற மாதிரி ஒண்ணே வாங்கிக்கலாங்க என்றாள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரி பிலோ, நானும் அதத்தான் நெனச்சேன் என்றான்.

ஒரே மைக்தான் அவர்களைச் சேர்த்தும் வைத்தது, ஜோடிப் பாட்டுக்கென்று குழுவுக்கு வந்தவள் அவள், அவன் குனிவான், அவள் நுனிக்காலில் எம்புவாள், மூச்சு அவனுடையதா அவளுடையதா என்று தெரியாது, கல்யாணமாயிற்று, மகள் பிறந்தாள், மேடையேறுனது போதும் என்றார் மாமியார், அவன் வாயே திறக்கவில்லை, அதை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, அதன்பின் அடுக்களையில்கூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை, அவன் தொண்டைக்கு மிளகுப்பால் காய்ச்சியே பத்தொன்பது வருஷம் ஓடிப்போனது, இதோ கடைக்காரர் வேறொன்றை நீட்டுகிறார், இது கிட்ட வந்து பாடினாத்தான் புடிக்கும், மேடையில ஊளையிடாது, வீட்டுல ஃபேன் சத்தமும் ஏறாது, அவன் செக் செக் என்கிறான், ஹெட்போனில் அந்தக் குரல் தலையணைப் பக்கத்திலிருந்து வருகிறது, இதுதாங்க என்றாள், ஸ்டாண்டு மேசைக்கா மேடைக்கா என்று கேட்டுவிட்டார் கடைக்காரர், மேடைக்கே குடுங்க என்ற சவரிராஜ் தானே ஸ்டாண்டின் திருகாணியைத் தளர்த்தி இறக்குகிறான், தன் தோளுக்கும் கீழே, அவள் வாய்க்கு நேரே நிறுத்துகிறான், வியாழக்கெழம வரைக்கும் இது எனக்கு, எத்தன பாட்டு வேணுமோ பதிஞ்சு எடுத்துக்க, அப்புறம் உனக்கு, சித்திரைக் கச்சேரிக்கு உன் பேரைத்தான் குடுத்திருக்கேன், அன்னிக்கு அம்மா சொன்னப்ப நான் வாயைத் தொறந்திருக்கணும் பிலோ என்கிறான், இதச் சொல்ல இவ்வளவு நாளா ஆச்சு என்று கேட்க நினைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உதடு வலையைத் தொட, செக் என்றாள்.