கடைக்காரரிடம் ஒரு வார்த்தை

தெருவே அவள் கணவரை ‘அரை டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். மருந்துக்கடை வைத்திருக்கிறவர். யார் வந்து என்ன வலியைச் சொன்னாலும், இதற்கு மாத்திரை போதும், இதற்கு டாக்டரைப் பார், இதற்கு இங்கே நிற்காதே ஓடு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அதில் அவர் தவறியதாக ஒரு பேச்சு கிடையாது. வியாபாரம் போனால் போகட்டும் என்று ஆளைத் துரத்தி அனுப்புகிற மகராசன்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சொந்தப் பிள்ளை என்றதும் புத்தி எங்கே போயிற்றோ! பிறந்து ஒன்றரை மாதமான குட்டிக்குக் காலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. மாரில் வைத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வீட்டையே இரண்டாக்குகிற அழுகை இன்று வெறும் முனகலாகிவிட்டது. அவள் குட்டியை வாரி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள். அவரோ, நீ போர்த்திவைத்தது அதிகம், அதனால் வந்த சூடு என்றார். தெர்மாமீட்டரைக் காட்டினால் அது பழசு என்றார். பழசாம்! போன மாதம் அவரே கடையிலிருந்து கொண்டுவந்தது. சாயங்காலம் தெருமுனை கிளினிக் திறந்ததும் காட்டிக்கொள்ளலாம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் அந்தத் துளியூண்டு கையில் ஊசியைக் குத்திப் படுக்கவைத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அதற்குமேல் நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அவளே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து உடம்பு விஷயத்தில் அவர் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. தான்தான் வீணாகப் பயப்படுகிறோமோ என்று ஒரு மனசு சொல்லிற்று. இன்னொரு மனசு கேட்கவில்லை. குட்டியின் அப்பா சொல்லியாயிற்று, கடைக்காரர் என்ன சொல்வார் என்று தெரிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

எதிர்வீட்டு டைலரக்காவைப் பிடித்தாள். இரண்டு பேரும் குட்டியோடு வாடகைக் காரில் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் கடை; கொஞ்சம் முன்னாலேயே காரை நிறுத்தச் சொன்னாள். யார் குழந்தை என்று மட்டும் சொல்லிவிடாதீங்க அக்கா என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினாள். அக்கா வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த விஷயம். இவள் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சுவரோரம் நின்றாள்.

கடையில் கூட்டம். அவர் குனிந்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அக்கா பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். தெரிந்தவர் வீட்டுக் குழந்தை, ஒன்றரை மாதம், காய்ச்சல், பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. இப்போதைக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் சாயங்காலம் கிளினிக்கில் காட்டிக்கொள்வார்கள்.

அவர் நிமிரவே இல்லை.

“சொட்டு மருந்தெல்லாம் தரமாட்டேன். இத்தனூண்டு குழந்தைக்குக் காய்ச்சல்னா கிளினிக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. இப்பவே. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு எந்த மடையன் சொன்னான்?”

டைலரக்கா வாயைக் காத்தாள், கண்ணைக் காக்கவில்லை. சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் என்று அவள் வழியெல்லாம் நினைத்துவைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

“கார் நிக்குதுங்க,” என்றாள்.

அவர் கத்தரியோடேயே இறங்கி ஓடிவந்தார். கத்தரியை டைலரக்கா வாங்கிக்கொண்டாள். எதையும் விற்கமாட்டேன், வருகிறவர்களோடு பேசிக்கொண்டு மட்டும் இருக்கிறேன், போய்வாருங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியைக் குத்தத்தான் செய்தார்கள். அந்தத் துளியூண்டு கையை அசையாமல் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்றார்கள். அன்று முழுக்க இரண்டு பேருக்கும் உயிர் உடம்பில் இல்லை.

மறுநாள் குட்டி வார்டையே இரண்டாக்கினாள். பசி அழுகை. டாக்டரம்மா சிரித்தார். நேரத்தோடு வந்ததால் பிழைத்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை மீறியிருக்கும் என்றார். பலபேர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள், உங்களை உடனே வரச் சொன்னது யார் என்று கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க மருந்துக்கடைக்காரர்தாங்க,” என்றாள் அவள். “அவர் சொன்னா தப்பாது.”

அவர் குட்டியின் கையை விடாமல், அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதார்.