வாதி வந்த மாலை

ரய்யா முற்றத்தில் காயவைத்திருந்த எலுமிச்சைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் இடி உருண்டது. கொஞ்ச நேரத்தில் தெருவே கத்தியது. "வாதி வருது! வாதி வருது!"

ஓமானின் அந்த மலையடிவார ஊரில் மூன்று வருடமாக வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்த காட்டாறுதான் அந்த வாதி. கிணறுகள் வற்றி, பேரீச்சை மரங்களில் பாதி பட்டுப்போயிருந்தன. ரய்யாவின் கணவன் கல்ஃபான் செருப்பைக்கூடத் தேடாமல் வண்டியைக் கிளப்பினான். அவளும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

கரையில் ஊரே கூடியிருந்தது. காபிக் குடுவையோடு சிலர், கைக்குழந்தையோடு சிலர். பழுப்புநிற வெள்ளம் முள்மரங்களை உருட்டிக்கொண்டு வந்து, ஆற்றின் குறுக்கே போகும் தார்ச்சாலையை மூடியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ரய்யாவின் தம்பி ஸுவைத் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். "அத்தான், இவ்ளோ பெரிய வண்டிய வாசல்ல நிறுத்தி அழகு பாக்கவா வாங்கினீங்க? முழங்கால் தண்ணிதான். ஒரே அழுத்து!"

கூட்டம் கைதட்டியது. கல்ஃபான் உட்கார்ந்தபடியே வண்டியை ஆற்றின் பக்கம் திருப்பினான்.

"வேணாம் கல்ஃபான்," என்றாள் ரய்யா. "தண்ணி ஏறிட்டே இருக்கு."

"நீ இறங்கி நின்னு வேடிக்கை பாரு!"

அவள் இறங்கியதும் வண்டி பாய்ந்தது. நடு ஆற்றில் அதன் பின்பக்கம் மிதந்தது. அப்படியே திரும்பி ஒரு பாறையில் முட்டி நின்றது. கைதட்டல் சட்டென்று நின்றுபோனது. கல்ஃபான் ஜன்னல் வழியாக ஏறிக் கூரையில் குப்புறப் படுத்தான்.

ரய்யா அழுதுகொண்டு நிற்கவில்லை. பக்கத்து லாரியிலிருந்து கயிற்றை உருவி, ஒரு முனையை அதிலேயே கட்டினாள். "வீசுடா ஸுவைத்!" இரண்டு முறை தவறியது. மூன்றாவது வீச்சில் கல்ஃபான் பிடித்து, இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். பத்துப் பேர் இழுத்தார்கள். அவன் கரையைத் தொடுவதற்குள் வண்டி புரண்டு வெள்ளத்தோடு போய்விட்டது.

அவன் இன்னும் இருமிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு ஜீப் உறுமியது. "கல்ஃபானுக்கு ஓட்டத் தெரியல. நான் காட்டறேன் பாருங்க!" என்றான் அதிலிருந்த இளைஞன். இரண்டு பேர் விசிலடித்தார்கள்.

ஸுவைத் ஓடிப்போய் ஜீப்பை மறித்தான். கயிறு அறுத்த உள்ளங்கைகளில் ரத்தம் கசிந்தது.

"என்மேல ஏத்திட்டுப் போடா, பாப்போம்!" என்று கத்தியவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எவனும் விசிலடிக்காதீங்க! எங்க அத்தானத் தண்ணிக்குள்ள தள்ளினது வாதி இல்ல, நான்தான். உசுப்பேத்தினவன் கரையில பத்திரமா நிக்கிறான். போறவன்தான் சாவான். மழைக்கு ஆடுங்க, பாடுங்க. எல்லாத்தையும் கரையில நின்னு பண்ணுங்க!"

ஜீப்பின் உறுமல் அடங்கியது.