பதினேழாவது கட்டம்

மே 9, 1983, திங்கள்.

மூன்றாவது நாளாக அதே கதை. மாலை கம்ப்யூட்டர் வகுப்பில், புரோகிராமை ஓட்டையாகப் போட்ட கார்டுக் கட்டைக் கொடுக்கிறேன். மறுநாள் மாலை கம்ப்யூட்டர் "பிழை" என்று ஒற்றை வரி அச்சடித்துத் திருப்பித் தருகிறது. முதல் நாள் ஒரு கமா இல்லை. இரண்டாம் நாள் இரண்டு கார்டுகள் இடம் மாறியிருந்தன. இன்று மறுபடி கமா. நான்கு முறை சரிபார்த்ததாக இதே டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதி என்ன பயன்?

பகலில் திருப்பதியில் குடிநீர் சர்வே ஆபீசில் தற்காலிக வேலை. மார்ச்சில் வீடு வீடாகப் போய்க் கேட்டதும் நான்தான்; அதைக் கணக்கிடும் புரோகிராமோடு இப்போது மல்லுக்கட்டுவதும் நான்தான். வெறுமனே கூட்டி வகுத்தால் ஆகாது. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று கேட்டிருந்தால், அந்த ஒன்று மூன்று வீடுகளுக்காகப் பேசுகிறது என்று அதற்குச் சொல்ல வேண்டும்.

மே 11, புதன்.

ஓடிவிட்டது. குடுபல்லி தாண்டி நான் போன சின்ன ஊருக்கு விடை வந்தது: தண்ணீருக்கு நடக்கும் தூரம், சராசரி 0.4 கிலோமீட்டர். ஒன்றரைக்கு மேல் இருந்தால்தான் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் பட்டியலில் ஊர் பெயர் ஏறும்.

சந்தோஷப்பட முடியவில்லை. அந்த ஊர் வழியில் மூன்று குடத்தோடு எதிரே வந்த செங்கம்மா, "காலைல போனா மதியம்தான் வருவோம்மா" என்றது ஞாபகம் வந்தது. 0.4 கிலோமீட்டருக்கா?

டைரியைப் புரட்டினேன். கேட்க வேண்டிய நாற்பது வீடுகளில் இருபத்து மூன்று பூட்டியிருந்தன. எல்லாம் மேட்டுத் தெரு. பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்து திறந்திருக்கும் வீடு என்பது விதி. விதிப்படி நடந்து நடந்து கிணற்றுத் தெருவுக்கு வந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களையே கேட்டிருக்கிறேன். தண்ணீருக்குப் போனவர்கள் வீடுதான் பூட்டியிருந்தது. இது அன்றைக்கே எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மாற்று வீடு என்றால் கார்டின் பதினேழாவது கட்டத்தில் 2 என்று போட்டிருந்தேன். அதுவரை நான் ஒழுங்கு.

மே 13, வெள்ளி.

"அந்த 2 போட்ட கார்டையெல்லாம் எடுத்துட்டு ஓட்டிப் பாரேன்டி" என்று நேற்று சொன்னாள் ஸத்யபாமா. கார்டில் ஓட்டை போடும் மெஷினில் வேலை செய்பவள்; வகுப்பில் என் பக்கத்து நாற்காலி.

எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இன்று விடை: மறுபடியும் 0.4.

"மிச்சம் பதினேழும் கிணத்தடிதானே? கட்டுல இல்லாத வீட்டைப் பத்தி அது என்னத்தைச் சொல்லும்?"

"அப்ப ஏன்டி எடுக்கச் சொன்ன?"

"நீதான் எதைச் சொன்னாலும் செஞ்சு பார்ப்பியே!"

தேசிகன் சாரிடம் போனேன். எங்கள் ஆபீசர். திரும்பப் போய்க் கேட்கிறேன் என்றேன்.

"கம்ப்யூட்டரே சொல்லிடுத்தே, நீ யாரும்மா நடுவுல? பதினெட்டாம் தேதி ரிப்போர்ட் ஹைதராபாத் போகணும்."

"பூட்டின வீடு சார்..."

"பூட்டின வீட்டுக்கு விதி இருக்கோல்லியோ? அதன்படிதானே பண்ணினே?"

அதன்படிதான் பண்ணினேன். அதுதான் தப்பு.

மே 15, ஞாயிறு.

நேற்று சித்தூர், பலமநேர், குப்பம் என்று பஸ் மாறிப் போனேன். சித்தூர் ஸ்டாண்டில் இறங்கியும் அந்த ஊரிலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இன்று சர்ச் ஆராதனைக்கும் இல்லை. நைனா கேட்டால் என்ன சொல்வேன்?

நேற்று விளக்கு வைக்கும் நேரம், மேட்டுத் தெரு முழுக்கக் கதவு திறந்திருந்தது. செங்கம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"அன்னைக்கு வந்தது நீதானா? பூட்டாண்ட கேட்டுக்கினு போனியே, அது என்னா சொல்லிச்சு?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

"கிணத்துத் தெருவுலயே தண்ணி இருக்கேக்கா?"

"அது அவுங்க பட்டாக் கெணறு. நாங்க எறங்கக்கூடாது. ஏரிக்கரை தாண்டிப் போறோம், மூணு கிலோமீட்டர். நீயும் வர்றியா, ஒரு கொடம் குடுக்கட்டா?"

இன்று விடிகாலையில் ஒரு குடத்தோடு போனேன். மூன்று கிலோமீட்டர்தான். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே நடந்ததில், ஊர் திரும்புவதற்குள் இருபத்து மூன்று வீடுகளும் எழுதி முடிந்தன.

மே 17, செவ்வாய்.

நேற்று ஸத்யபாமா இருபத்து மூன்று கார்டுகளையும் முனகிக்கொண்டே அடித்தாள். பழைய மாற்றுக் கார்டுகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தோம். இன்று மாலை விடை: 1.9.

தேசிகன் சார் முன்னால் என் டைரியையும் வீட்டுப் பட்டியலையும் வைத்து, போய்வந்ததைச் சொன்னேன். டைரியை அவர் திறக்கவில்லை. இரண்டு ஓரமும் துளை போட்ட அந்த நீளக் காகிதத்தை மட்டும் விரித்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லிடுத்தே!" என்று ஊர் பெயரைப் போர் பட்டியலில் எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்று கிலோமீட்டர் நான் நடந்ததை நம்பவில்லை. அதே மூன்றைக் கார்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் நம்புகிறார்.

வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். என் புத்தி, மற்ற முப்பத்தொன்பது ஊர்களின் கார்டுப் பெட்டிகளைத் திறந்தேன். வேறு ஆட்கள் போன ஊர்கள். எல்லாக் கார்டிலும் பதினேழாவது கட்டம் காலி. முப்பத்தொன்பது ஊரில், மார்ச் மாதப் பகலில், ஒரு வீடுகூடப் பூட்டியிருக்கவில்லையாம்.

"பெட்டியை மூடுடி கிருபாவதி" என்றாள் ஸத்யபாமா.

ரிப்போர்ட் நாளை போகிறது. நான் அந்த முப்பத்தொன்பது ஊர்ப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஓரத்தில் பஸ் நேரத்தோடு.